தொற்றி ஏறுதலும் துழாவித் தேடுதலும்



மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் நம் முன்னோர் இட்டுள்ள பெயர்களைச் சற்றே நினைத்துப் பாருங்கள். ஞாயிறு எழுகின்ற பக்கம் எழுவான்கரை. ஞாயிறு படுகின்ற பக்கம் படுவான்கரை. கிழக்கு, மேற்கு என்னும் திசைப் பெயர்கள் கைவசம் இருக்கவும், எழுதல், படுதல் என்னும் இரண்டு தொழில்களைக் கொண்டே நிலத்தை அடையாளங் கண்டார்கள். நான் இன்று எடுத்துக்கொண்ட சொற்களைத் திரட்டிய களுதாவளை எழுவான்கரையில் உள்ளது. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவிலே ஒடுங்கிய மணற்றரை. தேற்றாத்தீவுக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையில், மட்டக்களப்பு - கல்முனைப் பெருந்தெருவின் இரு மருங்கும் இவ்வூர் பரந்து கிடக்கிறது. இது அடங்கும் நிர்வாகப் பிரிவின் பெயர் மண்முனை தென் எருவில் பற்று. அந்தப் பெயருக்குள்ளும் ஒரு வினை இருக்கிறது: பற்றுதல்.

சொல்வரலாறு என்றவுடன் நாம் பெரும்பாலும் பெயர்ச்சொற்களையே நாடிப் போகிறோம். ஊர்ப்பெயர், மீன்பெயர், நெல்லின் பெயர், உறவின் பெயர் என்று தேடிச் சேர்க்கிறோம். அது நல்ல வேலைதான். ஆனால் ஒரு சமூகம் எதை எப்படிச் செய்தது என்பதை அதன் வினைச்சொற்களே சொல்லும். ஆகவே இன்று வினைகளின் இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, கையாலும் காலாலும் பிடித்து மேலே போதலைக் குறிப்பது: ஏறுதல், தொற்றுதல், இவர்தல், படர்தல், ஊர்தல், தவழ்தல் முதலியன. மற்றது, கண் உதவாத இடத்திலே கையால் தேடுதலைக் குறிப்பது: தடவுதல், துழாவுதல், அளைதல், துருவுதல், கிளறுதல், வருடுதல் முதலியன. இவை ஒன்றுக்கொன்று பதிலாக நிற்கக்கூடியனவா, அல்லது ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு நுண்பொருள் உடையதா என்பதே நாம் இங்கு நோக்கவேண்டியது.

நிகண்டும் அகராதியும்

நமக்குக் கிடைத்துள்ள நிகண்டுகளுள் பழமையானது திவாகரம். சேந்தன் என்னும் தலைவனின் ஆதரவிலே செய்யப்பட்டமையால் சேந்தன் திவாகரம் என்றும் அதனை வழங்குவர். பன்னிரண்டு தொகுதிகளைக் கொண்ட அந்நூலின் ஒன்பதாம் தொகுதிக்குச் செயல் பற்றிய பெயர்த்தொகுதி என்று பெயர். ஆங்கிலத்திலே பீற்றர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் பொருள் அடிப்படையில் சொற்களைத் தொகுத்து வெளியிட்ட புகழ்பெற்ற நூல் 1852இல் வந்தது. செயல்களை ஒரு தனித் தொகுதியாக்கிச் சொற்களை அடுக்கும் எண்ணம் தமிழிலே அதற்குப் பல நூற்றாண்டு முற்பட்டது என்பதை மனங்கொள்ளவேண்டும்.

எனினும் நிகண்டின் நோக்கம் வேறு. செய்யுள் இயற்றுவோனுக்கு எதுகைக்கும் மோனைக்கும் ஏற்ற மாற்றுச் சொல் வேண்டும். மாணவனுக்கு மனனஞ் செய்ய எளிதாய் இருக்கவேண்டும். ஆதலால் சொற்களுக்கிடையே உள்ள ஒற்றுமையை நிகண்டு முன்னே வைத்தது. வேற்றுமையைக் கற்போனின் உலகியல் அறிவுக்கு விட்டுவிட்டது. அக்காலத்து மாணவன் கொடியையும் வயலையும் குளத்தையும் கண்டவன். அவனுக்கு அது போதுமானதாயிருந்தது.

1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி வந்தது. அகரவரிசை முறை வேரூன்றியது. நம் நாட்டிலே உடுவில் சந்திரசேகர பண்டிதர் முதலியோரின் உழைப்பினால் 1842இல் யாழ்ப்பாண அகராதி அச்சேறியது. மானிப்பாய் அகராதி என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. யாழ்ப்பாணத்திலே தொடங்கிய சொற்சேகரிப்பு 1862இல் சென்னையில் வெளியான உவின்சுலோவின் தமிழ் - ஆங்கில அகராதியிலே பெருகி நின்றது. பின்னர் 1924 தொடக்கம் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி வெளிவந்தது. 1939இல் அதற்கு அநுபந்தம் சேர்ந்தது. இவையெல்லாம் நமது செல்வங்கள். ஆயினும் அகராதி ஒரு வினைக்கு இன்னொரு வினையைப் பொருளாகத் தரும்போது, இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி கற்போன் கண்ணுக்குத் தெரிவதில்லை. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வினைகளுக்கு வாக்கிய எடுத்துக்காட்டுத் தந்து அந்த இடைவெளியைக் காட்ட முயன்றது. 2008ஆம் ஆண்டின் விரிவாக்கிய பதிப்பிலே இலங்கைத் தமிழ் வழக்குகளும் இடம்பெற்றமை நமக்கு மகிழ்ச்சி தந்த செய்தி.

இலக்கணகாரரும் இதனை உணர்ந்தே இருந்தனர். மீமிசை, உயர்ந்தோங்கு என்றாற்போல ஒரே பொருளுடைய இரு சொற்கள் அடுத்தடுத்து வருவதை ஒருபொருட்பன்மொழி என்பர். அதனை வழுவென்று தள்ளாது, சிறப்புக் கருதி வருவதாக நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. இரண்டாவது சொல் வீணாக நிற்கவில்லை என்பதுதானே அதன் கருத்து?

கொடி கற்பிக்கும் வினைகள்

களுதாவளை தோட்டச் செய்கைக்குப் பெயர்போன ஊர். மிளகாய், கத்தரி, பயற்றை, பாகல், புடோல் என்று மணல் நிலத்திலே கிணற்று நீர் பாய்ச்சிப் பயிரிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக வெற்றிலை. மேலேறும் வினைகளைக் கற்பதற்கு ஒரு மாணவனை எங்கே அழைத்துப் போகலாம் என்று என்னைக் கேட்டால், நூலகத்துக்கு முன்னே வெற்றிலைத் தோட்டத்துக்கு அழைத்துப் போங்கள் என்பேன்.

வெற்றிலைக் கொடியின் ஒவ்வொரு கணுவிலும் சிறு வேர்கள் தோன்றும். அவை நட்ட கொம்பிலே ஒட்டிப் பிடிக்கும். கொடி அவ்வாறு கணுக்கணுவாகப் பிடித்துப் பிடித்து மேலே போகும். இதற்குரிய சொல் தொற்றுதல். மட்டக்களப்புப் பேச்சிலே தொத்துதல். பக்கத்துப் பாத்தியிலே பாகல் நிற்கிறது. அது தண்டினாலே ஒட்டுவதில்லை. மெல்லிய சுருளை நீட்டி, அகப்பட்ட குச்சியை வளைத்துப் பிடிக்கிறது. அது பற்றுதல். அப்பால் பயற்றங்கொடி. அதற்குச் சுருளும் இல்லை, கணுவேரும் இல்லை. தன் உடம்பையே கம்பைச் சுற்றி முறுக்கிக்கொண்டு போகிறது. அது சுற்றுதல். காட்டுப்புறத்திலே பிரம்பு இருக்கிறது. கொக்கி போன்ற முட்களை அடுத்த மரத்திலே மாட்டிக்கொண்டு மேலே போகிறது. அதற்கு நம் நாட்டிலே கொழுவுதல் என்ற அருமையான சொல் உண்டு. பிடிப்பொன்றும் கிடையாமல் நிலத்திலே நாற்புறமும் போகும் பூசணிக்கோ படர்தல்தான் பொருந்தும்.

இங்கே ஒரு வெளிநாட்டு நூலை நினைவூட்டவேண்டும். பரிணாமக் கொள்கையாளர் சாள்ஸ் டார்வின் 1865இல் ஏறுகொடிகளின் அசைவுகள் பற்றி ஓர் ஆய்வினை வெளியிட்டார். அது 1875இல் நூல்வடிவம் பெற்றது. ஏறும் தாவரங்களை அவர் நான்கு வகையாகப் பிரித்தார். தண்டினால் சுற்றுவன, தொடுவுணர்ச்சியுள்ள சுருளாலோ இலைக்காம்பாலோ பற்றுவன, கொக்கியால் கொழுவுவன, வேரினால் ஒட்டுவன என்பனவே அவை. களுதாவளைத் தோட்டக்காரர் டார்வினைப் படித்தவரல்லர். ஆயினும் அந்நான்குக்கும் நான்கு வினைகள் அவரிடம் இருக்கின்றன. தொழிலுக்கு வேண்டிய பகுப்பை மொழி முன்னமே செய்து வைத்திருக்கிறது. தொற்றுகின்ற கொடிக்குத் தடித்த கொம்பு வேண்டும். பற்றுகின்ற கொடிக்கு மெல்லிய குச்சி போதும். சுற்றுகின்ற கொடிக்கு நிமிர்ந்த கம்பு வேண்டும். வினையை மாற்றிச் சொன்னால் நடுகின்ற கம்பே மாறிவிடும்.

பழந்தமிழிலே இதே இடத்தில் இவர்தல் என்ற சொல் ஆட்சி பெற்றிருந்தது. கொடி மேலேறிப் பரவுதலை அது குறிக்கும். மேலே உயர்தலையும், குதிரை முதலியவற்றின்மேல் ஏறுதலையும், விரும்புதலையும் குறிக்கும். கொடியின் ஏற்றத்துக்கும் மனத்தின் விருப்பத்துக்கும் ஒரே சொல் வழங்கியமை கவனத்திற்குரியது. பறம்பு மலைத் தலைவன் பாரி முல்லைக்குத் தேர் ஈந்த செய்தியைச் சிறுபாணாற்றுப்படை முதலிய நூல்களால் அறிகிறோம். அதனைக் கொடைச் சிறப்பாகவே நாம் படிப்பிக்கிறோம். ஏறுவதற்கு ஒன்றும் கிடையாமல் நின்ற ஒரு கொடியின் இவர்தலை ஒருவன் விருப்பமாகக் கண்டான் என்றும் அதனைப் படிப்பிக்கலாம். இன்று இவர்தல் பேச்சிலே இல்லை. புலவர் நூல்களிலே மாத்திரம் வாழ்கிறது.

ஊர்தலின் கதை வேறு. எறும்பும் பாம்பும் செல்வதைக் குறித்த அச்சொல், விலங்கின்மீதும் தேரின்மீதும் அமர்ந்து செல்வதையும் குறித்து, ஊர்தி என்ற பெயரைத் தந்துவிட்டது. வயிறு நிலத்திலே பட ஊரும் உயிரும், வான்வழியே செல்லும் வானூர்தியும் ஒரே வினையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. தவழ்தலில் வயிறு நிலத்திலே படுவதில்லை. கையும் முழங்காலும் உடம்பைத் தாங்கும். குழந்தையின் வளர்ச்சியை இத்தகைய வினைகளாலேயே அளந்தவர்கள் நாம். பிள்ளைத்தமிழின் செங்கீரைப் பருவம் என்பது, இரு கைகளையும் நிலத்திலே ஊன்றி, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டித் தலை நிமிர்த்தி அசையும் நிலை. தவழ்தலுக்கு முந்திய அந்தச் சிறு நிலைக்குக்கூட ஒரு பெயரும் ஒரு பருவமும் வகுத்திருக்கிறார்கள்.

ஏறுதல் இவை எல்லாவற்றுக்கும் பொதுவான வினை. ஆகவே அது மிகவும் பரந்துவிட்டது. கோயிலிலே கொடியேற்றம், கூத்திலே அரங்கேற்றம், கடன் தீர்ந்தால் கரையேற்றம், பொருளின் விலைக்கு ஏற்றம். ஏறவும் தாழவும் இருப்பதை ஏறத்தாழ என்றோம். இன்று அதனைச் சொல்லும் எவரும் உயரத்தையோ தாழ்வையோ நினைப்பதில்லை. பொதுவினைக்கு நேரும் கதி இது. எல்லாவற்றையும் குறிக்கத் தொடங்கிய சொல், எதனையும் கூர்மையாகக் காட்டமாட்டாது.

களப்பிலே கைவிட்டுத் தேடுதல்

இனி மேற்கே வாவிப் பக்கம் வருவோம். களப்பு என்றால் ஆழங்குறைந்த நீர்ப்பரப்பு. மட்டமான களப்பு மட்டக்களப்பு ஆயிற்று என்று பெயர்க்காரணம் கூறுவர். கால் நிலத்திலே நிற்கும். கை நீருக்குள்ளே போகும். கலங்கலாதலால் கண் உதவாது. கையாலே தேடும் வினைகள் செழிப்பதற்கு இதைவிட நல்ல இடம் வேறில்லை.

கரப்பு என்றொரு மீன்பிடிக் கருவி உண்டு. குச்சிகளை வரிந்து கட்டிய கூடு. கீழே அகன்றும் மேலே ஒடுங்கியும் இரு பக்கமும் திறந்திருக்கும். முழங்காலளவு நீரிலே நடந்துகொண்டே அதனைக் குத்துவார்கள். உள்ளே மீன் அகப்பட்டு மோதினால், மேல்வாயால் கையை விட்டுத் தேடிப் பிடிப்பார்கள். அந்தத் தேட்டத்துக்குரிய வினை துழாவுதல். கை நீருக்குள் வட்டமாகச் சுழல்கிறது. எதிலே படும் என்று தெரியாது. மீனும் இருக்கலாம், கெளிற்று முள்ளும் இருக்கலாம். இதனைத் தடவுதல் என்று எவரும் சொல்லமாட்டார்கள். தடவுதற்கு ஒரு மேற்பரப்பு வேண்டும். சுவரைத் தடவலாம், முதுகைத் தடவலாம், இருட்டிலே மேசையைத் தடவி நெருப்புப் பெட்டியை எடுக்கலாம். நீர், மணல், மூட்டை, கிணறு என்று ஒன்றின் உள்ளே கை போகும்போதுதான் துழாவுதல். கிணற்றிலே விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டி விட்டுத் துழாவுகிறோம். அங்கே கை கரையிலேதான் இருக்கிறது; ஆயினும் கயிற்றின் நுனியிலே நடப்பது துழாவுதல்.

குருடர் சிலர் யானையைக் கண்ட கதையை எல்லோரும் அறிவோம். அவர்கள் அதனைத் தடவித்தான் பார்த்தார்கள். ஆளுக்கொரு பரப்பு அகப்பட்டது. முழு யானை எவர் கைக்கும் வரவில்லை. தடவுதலின் எல்லை அக்கதையிலே நன்றாகத் தெரிகிறது. ஒப்புவிக்கும்போது சொல் வராமல் நின்ற பிள்ளையைப் ‘பாடத்தைத் தடவுகிறான்’ என்று கூறும் பழைய பள்ளிக்கூட வழக்கும் அத்தகையது. பாடத்தின் மேற்பரப்பிலே அவன் நிற்கிறான், உள்ளே போகவில்லை.

துழாவுதலின் பழைய வடிவம் துழத்தல், துழவுதல் என்பன. பெரும்பாணாற்றுப்படையிலே ஒருவகைக் கூழுக்குத் துழவை என்று பெயர் வருகிறது. துழாவிச் சமைக்கப்பட்டது என்பதே அதன் பொருள். அடுப்பிலே கூழைத் துழாவும் அகப்பையும் துடுப்பு. தோணியிலே நீரைத் துழாவும் பலகையும் துடுப்பு. குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குத் தோணியிலே போனவரும், வீட்டிலே பொங்கலுக்குப் பானை வைத்தவரும் ஒரே வினையைச் செய்தார்கள் என்று நம் மொழி கருதியிருக்கிறது. செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில், மட்டக்களப்புப் பேச்சைத் தமிழின் பேச்சுவழக்குகளுள் எழுத்துத் தமிழுக்கு மிகவும் நெருங்கியதாகக் கருதினார். பழைய வினைகள் களப்பிலும் வயலிலும் வேலையோடு வேலையாகப் புழங்கி வந்தமையும் அதற்கு ஒரு காரணமாகலாம் என்று எண்ணத் தோன்றுகிறது.

நோக்கமின்றிக் கையால் கலக்குவது அளைதல். சேற்றையும் மணலையும் சோற்றையும் பிள்ளைகள் அளைவார்கள். புறநானூற்றின் 188ஆம் பாட்டிலே பாண்டியன் அறிவுடை நம்பி, நெய்ச்சோற்றோடு விளையாடும் குழந்தையைக் காட்டுகிறான். இடுதல், தொடுதல், கவ்வுதல், துழத்தல் என்று வரிசையாக வினைகள் வருகின்றன. எத்தனை செல்வம் இருந்தாலும் அத்தகைய பிள்ளைகள் இல்லாதார் வாழ்வு பயனற்றது என்பது அரசனொருவனின் முடிவு. அரசன் தன் செல்வத்தை ஒரு பக்கத்திலே வைத்து, மறு பக்கத்திலே ஒரு சிறுவனின் கைத்தடுமாற்றத்தை வைத்து எடை பார்க்கிறான். வள்ளுவரும் 64ஆம் குறளிலே பெற்றோருக்கு அமிழ்தினும் இனியதாகக் காட்டுவது சிறுகை அளாவிய கூழைத்தான். அளைதலும் அளாவுதலும் துப்புரவுக்குக் கேடு என்று இன்றைய தாய்மார் கண்டிக்கலாம். இலக்கியம் அவர்களோடு உடன்படவில்லை.

கையின் மென்மையான வினைகளும் உண்டு. வருடுதல் இலேசாகத் தொட்டுப் போவது. நீவுதல் அழுத்தி ஒரு திசையாக இழுப்பது. பழந்தமிழின் தைவருதல் இரண்டுக்கும் நடுவிலே நிற்பது. சிலப்பதிகாரத்துக் கானல்வரியிலே யாழ் மீட்டுதற்குரிய எட்டுவகை இசைக்கரணங்கள் கூறப்படுகின்றன. பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல், செலவு, விளையாட்டு, கையூழ், குறும்போக்கு என்பன அவை. யாழின் நரம்பிலே கை செய்யும் எட்டு வேலைக்கு எட்டுச் சொற்கள்! காரைதீவிலே 1892இல் பிறந்து, நம் மண்ணுக்குப் பெருமை சேர்த்த சுவாமி விபுலாநந்தர், பல்லாண்டு உழைத்து எழுதிய யாழ்நூலை 1947ஆம் ஆண்டு யூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூரிலே அரங்கேற்றினார். அடுத்த மாதமே மறைந்தார். வழக்கொழிந்த ஒரு கருவியை மீட்பதற்கு அவருக்குச் சான்றாய் நின்றவை பழைய நூல்களின் சொற்களே. கருவி போனாலும் வினைச்சொல் எஞ்சியிருந்தால், கை செய்த வேலையை ஓரளவு திரும்பவும் கண்டுகொள்ளலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அவ்வெட்டனுள் ஒன்றாகிய ஆராய்தலையும் விட்டுவிடக்கூடாது. நம் ஊரிலே பூவை ஆய்கிறோம், வெற்றிலையை ஆய்கிறோம். முற்றியது எது, கொழுந்து எது என்று பார்த்துப் பறிப்பதே ஆய்தல். பல்கலைக்கழகத்து ஆய்வும் தோட்டத்து ஆய்தலும் உறவுடையன. துருவுதலும் அப்படியே; துளைத்துத் தேடுவதையும் துருவித் துருவிக் கேட்பதையும் அது குறிக்கும். கிளறுதல் மேலே கிடப்பதைக் கீழாக்கிப் பார்ப்பது. கோழிக்கு அது பிழைப்பு, சில மனிதருக்கு அது பொழுதுபோக்கு!

கொடியும் கையும் ஒன்றாகுமிடம்

இரண்டு குடும்பங்களையும் தனித்தனியே பார்த்தோம். இவை ஒன்றையொன்று தொடுகின்ற இடமும் உண்டு. டார்வின் நோயினால் அறையிலே அடைபட்டிருந்த காலத்தில் ஒரு ‘ஹொப்’ கொடியை அருகே வைத்து இரவும் பகலும் கவனித்தார். அதன் நுனி ஒரே இடத்திலே நிற்கவில்லை, காற்றிலே வட்டமிட்டுக்கொண்டிருந்தது. வெப்பமான பகற்பொழுதிலே ஒரு வட்டத்துக்குச் சராசரி 2 மணியும் 8 நிமிடமும் எடுத்தது என்று அவர் கணக்கிட்டார். பிடிக்க ஒன்று கிடைக்கும்வரை அந்தச் சுழற்சி நடக்கிறது. தமிழிலே இதனை எப்படிச் சொல்வோம்? கொடி துழாவுகிறது, துழாவிப் பற்றுகிறது, பற்றி ஏறுகிறது. மேலேறுதலுக்கு முந்திய நிலை துழாவுதல். குழந்தையும் அவ்வாறே. கை துழாவி எதையோ பிடித்து, அதன் துணையால் எழுந்து நிற்கிறது.

துழாவியும் பிடி கிடையாவிட்டால் தடுமாறுதல். இச்சொல்லைத் தொல்காப்பியர் இலக்கணத்துக்கே பயன்படுத்தியிருக்கிறார். சொல்லதிகாரத்து வேற்றுமை மயங்கியலிலே தடுமாறு தொழிற்பெயர் என்று ஒரு குறியீடு வருகிறது. அதற்கு உரையாசிரியர் காட்டும் உதாரணம் புலிகொல் யானை. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? கொல்லுதல் என்னும் தொழில் இரண்டுக்கும் நடுவிலே தடுமாறி நிற்கிறது. எந்தப் பொருளென்று இடம் நோக்கியே தெளியவேண்டும். கொன்றவனையும் செத்தவனையும் பிரித்தறிய முடியாமல் ஒரு வினை தடுமாறக்கூடும் என்பதை ஈராயிரம் ஆண்டு மரபுடைய இலக்கணம் கவனித்து வைத்திருக்கிறது. வரலாறு எழுதுவோர் அடிக்கடி நினைக்கவேண்டிய செய்தி இது.

சாட்சியும் சொல்லும்

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, பரீட்சைக்கு ஒத்தகருத்துச் சொல் தெரிந்தால் போதாதா என்று ஒரு நேயர் கேட்கலாம். என் விடையைக் கிழக்குக் கரையின் அண்மைக்கால வரலாற்றிலிருந்து தருகிறேன்.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளியைப் பற்றி மூத்தோர் சொல்லக் கேட்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. மட்டக்களப்பின் தென்னைகளில் பெரும்பகுதி அன்றிரவு சாய்ந்தது. பின்னர் 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள்ளே வந்தது. இலங்கையிலே 30,000இற்கு மேற்பட்டோர் மாண்டனர். கிழக்குக் கரையே மிகவும் அடிபட்டது. அந்நாட்களிலே உயிர் தப்பிய முதியவர் ஒருவரிடம், பக்கத்தில் இருந்த இளைஞர் விசாரித்தார்.

“என்ன பெரியப்பா, மரத்தில ஏறியா தப்பின நீங்க?”

“ஏறவா மனே நேரம்? அலை தூக்கி எறிஞ்ச இடத்தில தொத்தினதுதான்.”

அவ்வளவுதான் அவர் சொன்னார். ஏறியவனுக்கு ஒரு நோக்கம் இருந்தது, ஒரு வழி தெரிந்தது, சற்று நேரமும் இருந்தது. தொற்றியவனுக்கு இருந்தது பிடி ஒன்றே. ‘மரத்தில் ஏறி உயிர் தப்பினார்’ என்று எவரேனும் எழுதிவிட்டால் வாக்கியம் அழகாகத்தான் இருக்கும், நடந்தது அதுவன்று. ‘நீ ஏறினாயே, உன் பக்கத்தில் நின்றவளை ஏன் இழுத்து ஏற்றவில்லை’ என்ற கேள்விக்கும் அந்தப் பிழையான வினை இடங்கொடுத்துவிடும். தொத்தின கையால் இன்னொருவரைப் பிடிக்க முடியாது. தப்பியவர் மனத்திலே கிடக்கும் பாரத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வினைச்சொல் போதும்.

அலை வடிந்த பின்னர் தேடியவர்களின் பேச்சையும் கேட்டிருக்கிறேன். நீரிலே துழாவினோம் என்றார்கள். மணலைக் கிளறினோம் என்றார்கள். இருட்டிலே முகத்தைத் தடவிப் பார்த்தோம் என்றார்கள். மூன்றையும் ‘தேடினார்கள்’ என்று ஒரே சொல்லால் எழுதிவிடலாம். எழுதினால் நீரும் மணலும் முகமும் மறைந்துபோகும். போர்க்காலத்து அனுபவங்களைப் பதிவு செய்வோருக்கும் இது பொருந்தும். வாய்மொழி வரலாற்றைத் திரட்டுவோர் ஆண்டையும் திகதியையும் மறவாது குறிக்கிறார்கள். சொன்னவர் வாயில் வந்த வினையைத் தங்கள் வினையாக மாற்றிவிடுகிறார்கள். சாட்சி அங்கேதான் மெலிந்துபோகிறது.

வேலைகள் மாறும்போது வினைகளும் இடம்பெயரும். நீர்ப்பம்பி வந்ததும் பட்டையால் இறைத்தார் சொற்கள் சில ஒதுங்கின. கையிலுள்ள தொலைபேசியே வெளிச்சம் தருவதால் இருட்டிலே தடவுதல் குறைந்தது. மறுபுறம், 2020இல் உலகெங்கும் கொள்ளைநோய் பரவியபோது தொற்று என்ற சொல் ஒவ்வொரு வீட்டிலும் ஒலித்தது. இன்றைய சிறுவர் பலருக்குத் தொற்று என்றால் நோய். வெற்றிலைக் கொடி கொம்பிலே செய்வதையும் கிருமி உடம்பிலே செய்வதையும் ஒரே வினை குறிப்பதைக் காட்டிக்கொடுத்தால், அவர்களுக்குச் சொல்லும் விளங்கும், நோய் பரவும் விதமும் விளங்கும். பற்றுதலும் அப்படிப் பெருகிய சொல். நிலப்பிரிவு பற்று, அன்பு பற்று, கடைக்காரர் எழுதித் தருவது பற்றுச்சீட்டு. துறவு அதிகாரத்தின் இறுதிக் குறளிலே வள்ளுவர் விடச் சொல்வதும் பற்று. அதற்காகப் பிடிக்கச் சொல்வதும் ஒரு பற்று.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒத்தகருத்துச் சொற்களைப் படிப்பிக்கும்போது இரு சொற்களுக்கு நடுவிலே சமக்குறி போடாதீர்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியம் கேளுங்கள். பின்பு சொற்களை இடம்மாற்றி வைத்து, எந்த வாக்கியம் பொருந்தவில்லை, ஏன் பொருந்தவில்லை என்று பிள்ளைகளையே சொல்லச் செய்யுங்கள். ‘அவன் சுவரைத் துழாவினான்’ என்று எழுதிப் பார்த்தால் வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பிலே நுண்பொருள் விளங்கிவிடும்.

நேயர்களுக்கும் ஒரு வேலை. உங்கள் வீட்டிலே கரப்புக் குத்தியவர், கொடி கட்டியவர், மரம் ஏறியவர், தோணி விட்டவர் எவரேனும் இருந்தால், அவர் செய்த வேலையை அவர் வாயாலேயே விவரிக்கச் சொல்லுங்கள். வினைகளை அவர் சொன்னபடியே, முழு வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். ‘தொத்தினன்’ என்றால் ‘தொத்தினன்’ என்றே எழுதுங்கள். ‘ஏறினேன்’ என்று திருத்தவேண்டாம். எழுதிய தாளின் தலைப்பில் ஊரின் பெயரையும், அவர் எந்த வேலையைப் பற்றிச் சொன்னார் என்பதையும் குறித்து வையுங்கள். ஒரு நாள் அது அகராதிக்கும் உதவும், வரலாற்றுக்கும் உதவும்.